வீட்டைக் கீறாதே

அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, காரைப் பூட்ட வெளியே வந்தபோதுதான் அந்த வாசம் வந்தது. கெட்டுப்போன பூண்டும் கந்தகமும் கலந்த மாதிரி ஒரு வாசம். கியர் ஆயில். ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. குனிந்து பார்த்தேன். இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம், கியர் பாக்ஸிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சிமெண்ட் தரையில் அதற்குள் ஒரு தோசையளவுக்குக் கறை.

அன்று 2020 ஜூன் 30, செவ்வாய்க்கிழமை. ஜூன் 24-ஆம் தேதியிலிருந்தே மதுரையில் முழு ஊரடங்கு. மாநகராட்சி மட்டுமல்ல, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். முதலில் மாதக் கடைசிவரை என்றார்கள். பிறகு ஜூலை 5 என்றார்கள். கடைசியில் அது ஜூலை 14 வரை நீண்டது. ஆட்டோ ஓடவில்லை, ஒர்க்‌ஷாப் எதுவும் திறக்கவில்லை. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கட்டிக்கொள்ளும். படுத்தால் மூச்சுத் திணறும். மருத்துவமனைக் கோப்பைக் காட்டினால் காவல் சாவடிகளில் விட்டுவிடுவார்கள். ஆனால் போவதற்கு வண்டி வேண்டும். எங்களிடம் இருந்தது அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800 மட்டும்தான்.

மார்ச் மாதமே எங்கள் மெக்கானிக் சொல்லியிருந்தார். "டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் ரெண்டு பக்கமும் கசியுது டீச்சர். வயசாயிருச்சு. சாமான் வாங்கி வச்சிருங்க, வர்ற வாரம் மாத்திருவோம்." வெளி வீதிப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு சீலும் ஒரு கேன் கியர் ஆயிலும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அந்த வர்ற வாரம் வரவேயில்லை. ஊரடங்கு வந்தது. அவர் உசிலம்பட்டிப் பக்கத்துத் தன் ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். போனில் பேசினேன். வேலையை வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "கழட்டி மாட்டுறதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். பழைய சீலை வெளிய எடுக்கிறதுதான் வேலையே" என்றார். அதன் பொருள் மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

ஆயில் சீல் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம். வெளியே இரும்புத் தகட்டுக் கூடு, உள்ளே ரப்பர் உதடு. அந்த உதட்டின் முதுகில் ஊசி நூல் கனத்தில் ஒரு சுருள்கம்பி வளையம், உதட்டைத் தண்டின் மேல் எப்போதும் அணைத்துப் பிடித்திருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது மாருதி 800-இன் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. டிரைவ் ஷாஃப்டும் அதே வேகத்தில் சுற்றும். இந்த உதடு சுற்றாது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, எண்ணெயை உள்ளேயும் தூசியை வெளியேயும் நிறுத்தவேண்டும். உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் ரப்பர் கருகிப்போகும். அது தடித்துப்போனால் ஒழுகும். நல்ல சீல் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை நுண்ணிய அளவில் உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு வளையம் இத்தனை வேலையையும் 21 வருஷம் செய்திருந்தது. வெப்பத்தில் அதன் ரப்பர் இறுகி, உதடு கண்ணாடி போல வழவழப்பாகி, இனி முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தது.

புதன்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டியின் பக்கவாட்டுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி வைத்தேன். ஜாக்கி நழுவினாலும் வண்டி அவற்றின்மேல்தான் உட்காரும். இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா. பழைய ஆயிலை அன்னக்கூடையில் வடித்தேன். கறுத்து, தேன் போல இறங்கியது. கீழ்ப் பக்க பால் ஜாயிண்டின் போல்ட்டைக் கழற்றி, சக்கரத் தாங்கியை வெளியே இழுத்துப் பிடித்து, மெக்கானிக் சொன்னபடி கியர் பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே கடப்பாரை முனையை வைத்து ஒரு நெம்பு நெம்பினேன். டக்கென்று ஷாஃப்ட் வெளியே வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்த ஓட்டைக்குள் சீல் தெரிந்தது. பெரிய ஸ்க்ரூ டிரைவரை உதட்டுக்குள் மாட்டி இழுத்தேன். ரப்பர் பிய்ந்து கையோடு வந்தது. இன்னொரு பக்கம் மாட்டினேன். சுருள்கம்பி தெறித்து மடியில் விழுந்தது. இரும்பு வளையம் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ரப்பர் போனபின் பிடித்து இழுக்க ஒரு விளிம்பும் இல்லை. கூடும் அலுமினியச் சுவரும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரம் போராடினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி என்ற எண்ணம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. அந்தப் பதற்றத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் முனை வழுக்கியது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.

"தாயி, சுத்தியலைக் கீழ வையி."

மாமா. அம்மாவின் அண்ணன். பின்கட்டில் தனியாக இருந்தார். அப்போது அவருக்கு 74 வயது. கண்புரை ஒரு கண்ணில் மட்டும்தான் எடுத்திருந்தார்கள். இன்னொரு கண்ணுக்குத் தேதி கொடுத்திருந்த நேரத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. கைவிரல்களிலும் லேசாக நடுக்கம். அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் நான் கூப்பிடாமல் இருந்தேன். அந்தச் சத்தம் அவருக்குப் பின்கட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. இரும்பு இரும்பில் படும் சத்தம் வேறு, இரும்பு அலுமினியத்தைக் கீறும் சத்தம் வேறு என்று பிறகு சொன்னார்.

மாமா 1963-இல், 17 வயதில், மதுரையில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தவர். டி.வி.எஸ். பஸ்கள் மதுரைச் சீமையின் சாலைகளை ஆண்ட காலம் அது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தால் பஸ் ஓட்டுவதும், பஸ்ஸைப் பழுதுபார்ப்பதும், அதற்குச் சாமான் செய்வதும் இந்த ஊருக்குப் பரம்பரைத் தொழில் மாதிரி ஆகியிருந்தன. 1972-இல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது மாமாவும் அதற்குள் போனார். 2004-இல் ஓய்வு பெறும்வரை கிரீஸும் டீசலும்தான் வாழ்க்கை. எத்தனை ஆயிரம் சீல்களைக் கழற்றியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஓட்டைக்குள் கையை விட்டார். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரல் நகத்தை அலுமினிய விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். ஓரிடத்தில் விரல் நின்றது. முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி நின்றது.

"இங்கன கீறியிருக்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் திட்டவில்லை. வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சீலு சாகட்டும், தாயி. நாளைக்கு அது குப்பைக்குத்தான் போகுது. அதைக் குத்து, கிழி, ஓட்டை போடு, என்ன வேணும்னாலும் செய்யி. ஆனா அது குடியிருந்த வீடு இருக்கு பாரு, அதுல ஒரு கீறல் விழக்கூடாது. புது சீலு அங்கதான வந்து உக்காரணும்? வீட்டைக் கீறாத. மொதல்ல எதைக் காப்பாத்தணும்னு முடிவு பண்ணு. அப்புறம் ஆயுதத்தை எடு."

நான் செய்தது நேர் எதிர். எதைப் பிடுங்கவேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன். எதைத் தொடக்கூடாது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. எளிதில் கிடைத்தது அந்தச் சுவர்தான், அதில்தான் நெம்பினேன். மெத்தென்ற உலோகம், வாங்கிக்கொண்டது. கீறல் சீலின் அகலம் முழுக்க ஓடினால் எத்தனை புது சீல் போட்டாலும் அதன் வழியாக எண்ணெய் வந்துகொண்டேயிருக்கும். அப்புறம் கியர் பாக்ஸ் கூட்டையே மாற்றவேண்டும். என் நல்ல நேரம், கீறல் வாய்ப் பக்கத்தில் மட்டும் இருந்தது. பாதி ஆழத்தைத் தாண்டவில்லை.

மாமா தன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பொடிப் பஞ்ச், கையால் சுற்றும் டிரில், மெல்லிய டிரில் பிட். வளையத்தின் இரும்பு முகத்தில் நேர் எதிரெதிராக இரண்டு இடத்தில் பஞ்ச் வைத்துத் தட்டி அடையாளம் போடச் சொன்னார். அந்த இடத்தில் ஓட்டை போடவேண்டும். தகட்டைத் தாண்டியதும் நிறுத்திவிடவேண்டும், உள்ளே பேரிங் இருக்கிறது. டிரில் முனையில் கிரீஸ் தடவச் சொன்னார். சீவல் தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே விழாது. பிட்டில் முனையிலிருந்து அரையங்குலத்துக்கும் குறைவாக விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றவைத்தார். "டேப்பு தொட்டா நிறுத்து. கண்ணை நம்பாத, டேப்பை நம்பு."

அவர் கை நடுங்கும் என்பதால் டிரில்லை நான் சுற்றினேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் நடுக்கமே இல்லை. ஓட்டைகளில் பழைய ஜன்னல் கீலிலிருந்து எடுத்த ஸ்க்ரூக்களை நாலு மரை கடிக்கும்வரை முடுக்கினோம். கட்டிங் பிளேயரால் ஸ்க்ரூ தலையைப் பிடித்து, கீழே மரத்துண்டு முட்டுக் கொடுத்து நெம்பினேன். ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்தது, வளையம் அசையவில்லை. இன்னொன்றும் அப்படியே. 21 வருஷத் துரு.

"இன்னைக்குப் போதும்" என்றார் மாமா. "எண்ணெய் விடு. ராத்திரி ஊறட்டும்."

"மாமா, நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை."

"தெரியும் தாயி. அவ என் தங்கச்சி."

துரு இளக்கும் எண்ணெயை வளையத்தின் விளிம்பைச் சுற்றி விட்டோம். பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நான் காரை மறந்துவிடவேண்டும் என்பதற்காகவே பேசியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் சீல் கிடையாது, தோல் சீல்தான். புதுத் தோல் சீலை அப்படியே மாட்டக்கூடாது. முதல்நாள் ராத்திரியே எண்ணெயில் ஊறப்போட வேண்டும். ஊறி, தலையணை மாதிரி மெத்தென்று ஆனபிறகுதான் தண்டின்மேல் ஏற்றவேண்டும். ஊறப்போட மறந்த கையாளுக்கு மேஸ்திரியிடம் அடி விழும். சீல் தீர்ந்துபோன நாட்களில், தடித்த தோலை வாங்கி, வட்டமாக வெட்டி, இவர்களே செய்து மாட்டியிருக்கிறார்கள். தோலுக்கு இங்கே என்ன பஞ்சம்? பதனிடும் தொழிலுக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்திலேயே இருந்தது.

பிறகு நான் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. இன்று உலகமெங்கும் ஓடும் வண்டிகளில் இருக்கிற இந்தச் சுருள்கம்பி வைத்த சீல் ஒரு தோல் பதனிடும் நிறுவனத்திலிருந்து வளர்ந்ததாம். ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849-இல் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம். 1929-இன் பொருளாதார வீழ்ச்சியில் தோல் வியாபாரம் சரிந்தபோது கையிலிருந்த தோலை வைத்து வண்டிகளுக்குச் சீல் செய்யத் தொடங்கினார்கள். வால்டர் சிம்மர் என்ற பொறியாளரின் பெயரால் அதற்குச் சிம்மரிங் என்று பெயர் வந்தது. 1930-களிலேயே தோல் போய்ச் செயற்கை ரப்பர் வந்தது. மாமா பெயர் எதுவும் அறியாமல் அந்தச் சரித்திரம் முழுவதையும் தன் கையாலேயே கடந்து வந்திருக்கிறார்.

மாமா பேசிக்கொண்டிருந்த அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் இருப்பது கோச்சடை. வைகைக் கரையை ஒட்டிப் போகும் மேலக்கால் சாலையில் பென்னர் கம்பெனி இருக்கிறது. 1929-இல் தோன்றிய நிறுவனம், இப்போது ஜே.கே. பென்னர். சின்ன வயசிலிருந்து அந்த வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன், இப்போது வேலைக்கும் போகிறேன். பெல்ட் கம்பெனி என்றுதான் நினைத்திருந்தேன். "பெல்ட்டு மட்டுமா? ஆயில் சீலும் அவங்க செய்யிறதுதான். இந்தியா பூரா போகுது" என்றார் மாமா. நாற்பது வருஷமாக அந்த வழியில் போய்வந்தவளுக்கு ஒரு சீல் ஒழுகிய பிறகுதான் அது தெரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்து மண்ணைப் பற்றியும் சொன்னார். திருமங்கலம், கள்ளிக்குடி வழித்தடத்து வண்டிகளில் கரிசல் தூசி மாவு மாதிரி சீலில் ஒட்டும். மேலூர்ப் பக்கம் போனால் கிரானைட் தூசி. அது இன்னும் மோசம். எண்ணெய் ஈரத்தில் ஒட்டிய தூசி சாணைக்கல் மாதிரி உதட்டையும் தண்டையும் அரைத்துவிடும். எந்த வண்டி எந்த ரூட்டில் ஓடுகிறது என்பதைச் சீலின் உதட்டைப் பார்த்தே சொல்வாராம்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, வெந்நீர் வைப்பியா? ஒத்தடம் கொடுக்கணும்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அம்மா தனக்குத்தான் என்று நினைத்து, "எனக்கு இன்னைக்குக் கால்வலி இல்லண்ணே" என்றாள். "உனக்கில்ல, வண்டிக்கு" என்றார்.

அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவடையும். இது பாடப்புத்தகத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். ஐம்பது மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓட்டை 40 டிகிரி சூடேறினால் அலுமினியச் சுவர் இரும்பு வளையத்தைவிடச் சுமார் 0.02 மில்லிமீட்டர் கூடுதலாக விலகிக்கொடுக்கும். ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. மாமா இந்தக் கணக்கைப் படித்ததில்லை. கொதிக்கும் தண்ணீரில் நனைத்த துணியைக் குச்சியால் எடுத்து, கியர் பாக்ஸின் அந்த வாய்ப்பகுதியைச் சுற்றிப் போடச் சொன்னார். ஆறியதும் எடுத்துவிட்டு அடுத்தது. அம்மா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அடுப்பிலிருந்து துணிகளை நான் கொண்டுவந்து போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஆறேழு முறை.

இந்த முறை இரண்டுக்குப் பதிலாக நாலு ஓட்டை, நாலு ஸ்க்ரூ. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. வடக்கு ஸ்க்ரூவை ஒரு இம்மி இழுக்கச் சொன்னார். உடனே தெற்கு. பிறகு கிழக்கு, மேற்கு. ஒரு இடத்தில் லேசாக அசைவு தெரிந்ததும் எனக்கு ஆசை வந்து அதையே பலமாக இழுத்தேன்.

"ஏத்தா, தேர் வடம் பிடிச்சிருக்கியா நீ?"

"பிடிச்சிருக்கேன் மாமா."

"ஒரு வடத்தை மட்டும் இழுத்தா தேர் எங்க போகும்?"

"சுவர்ல போய் முட்டும்."

"அதேதான். ஒரு பக்கமா இழுத்தா வளையம் கோணிக்கும். கோணுச்சுன்னா வீட்டைக் கடிக்கும். எல்லாப் பக்கமும் கொஞ்சங் கொஞ்சமா. அது நேரா வரணும். வந்த வழியிலயே போகணும்."

அந்த வருஷம் சித்திரைத் தேரே ஓடவில்லை. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, ஊரே வீட்டுக்குள் இருந்து பார்த்தது. மாசி வீதிகளில் வடம் தொடாத கைகளோடு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாமா தேர் என்று சொன்னதும் மூவருமே ஒரு நிமிஷம் பேசவில்லை.

வடக்கு. தெற்கு. கிழக்கு. மேற்கு. எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. அம்மா திடீரென்று சொன்னாள்: "அங்க ஒரு பொண்ணு இருக்கா, ஊசி போடுறவ. முதல் வாரம் வந்தப்ப அவசரமாக் குத்துவா, கை பூரா வீங்கிரும். இப்பல்லாம் விரலை வச்சு நரம்பைத் தடவிப் பாத்துக்கிட்டே இருப்பா. ரெண்டு நிமிஷம் தடவுவா. அப்புறம் குத்துனா குத்துனதே தெரியாது." யாருக்காகச் சொன்னாள் என்று கேட்கவில்லை. பிளேயரை மறுபடி வடக்கு ஸ்க்ரூவில் வைத்தேன்.

அப்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஊறுகாய் ஜாடி மூடி இளகும்போது வருமே, அந்த மாதிரி. வளையத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. இன்னும் இரண்டு சுற்று. அது என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. முகமெல்லாம் ஓட்டை, ரப்பர் இல்லை, உள்பக்கம் சிவப்பாகத் துரு. இந்த ஒன்றுக்காக ஒன்றரை நாள். அம்மா கையை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றாள்.

நான் போட்ட கீறலை மாமா மறக்கவில்லை. கீறலின் குழி கெடுதல் செய்யாது, அதன் ஓரத்தில் எழும்பி நிற்கும் பிசிறுதான் புது சீலைக் கிழிக்கும் என்றார். மிக மெல்லிய எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, விரலில் சுற்றிப் பிசிறை மட்டும் தடவி எடுக்கச் சொன்னார். "குழியை மூடப் பாக்காத. மூடவும் முடியாது. அது இருக்கட்டும்." பெட்ரோல் துணியால் துடைத்து, புது சீலின் வெளிவிளிம்பில் துளி சீலண்ட் தடவினோம். உதட்டில் கிரீஸ். சுருள்கம்பி இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்து உள்ளே போகவேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு நாள்கூடத் தாங்காது.

புது சீலை அடித்து இறக்க அதே அளவில் ஒரு வளையம் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் அதற்கென்று கருவி இருக்கும். எங்களிடம் இல்லை. மாமா அந்தப் பழைய வளையத்தைக் கேட்டார். கருங்கல் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். புது சீலின் முதுகில் அதை வைத்து, அதன்மேல் மரக்கட்டையை வைத்து, என்னைத் தட்டச் சொன்னார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. அதே வரிசை, இப்போது உள்ளே போகும் திசையில். வெளியே வரமாட்டேன் என்று நின்றதுதான் புதியதன் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பியது. விளிம்பும் விளிம்பும் சமமாக வந்ததும் தட்டும் சத்தம் மாறியது. "போதும்" என்றார். சத்தம் மாறியதை நானும் கேட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஷாஃப்டை மாட்டி, பால் ஜாயிண்டை முடுக்கி, புது ஆயிலைப் புனலும் குழாயும் வைத்து லெவல் ஓட்டையில் வழியும்வரை ஊற்றி முடித்தோம். வண்டிக்கு அடியில் அன்றைய செய்தித்தாளை விரித்து வைத்தார் மாமா.

வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். தாள் உலர்ந்து கிடந்தது. அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினோம். மேலக்கால் சாலையில் ஆளே இல்லை. ஆரப்பாளையத்தில் காவலர் கோப்பைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். வைகையைத் தாண்டும்போது தண்ணீரில்லாத மணலில் விடியல் வெளுத்துக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "வாசம் வரல" என்றாள். கியர் ஆயிலைத்தான் சொன்னாள்.

வலது பக்கத்துச் சீல் பாக்கி இருந்தது. மெக்கானிக் ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டார், அவரிடமே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, நானே ஆரம்பித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தேன். டேப் சுற்றிய டிரில், கிரீஸ், ஒத்தடம், நாலு ஸ்க்ரூ. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. கை எங்கேயாவது அவசரப்பட்டால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. வளையம் வந்து விழுந்தது.

புது சீலைப் போடுவதற்கு முன்னால் பின்கட்டுக்குப் போய், "மாமா, கொஞ்சம் வாங்க" என்றேன். வந்தார். சாக்கு விரித்தேன். உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டைக்குள் கையை விட்டு, நகத்தை விளிம்பில் வைத்தார். மெதுவாக ஒரு சுற்று. எங்கும் நிற்கவில்லை. சந்தேகம் தீர இன்னொரு சுற்று சுற்றினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையை வெளியே எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்னக்கூடை ஓரத்தில் கிடந்த பழைய வளையத்தைத் தேடி எடுத்து, தன் வேட்டி நுனியால் துடைத்து, புது சீலை இறக்குவதற்கு என் கையில் கொடுத்தார்.